கொல்லாத கறிக்கு முதலாளி யார்?

2013ஆம் ஆண்டில் இறைச்சி சம்பந்தமாக இரண்டு செய்திகள் வந்தன. மே 24, வெசாக் தினம். மாடறுப்பைத் தடை செய்யச் சொல்லி, போவத்தே இந்திரரத்ன தேரர் கண்டி தலதா மாளிகைக்கு அருகே தீக்குளித்தார், மறுநாள் இறந்துபோனார். அவர் பெல்மடுல்ல பிரதேச சபையின் முன்னாள் உறுப்பினர். எங்கள் ஊரான ஓப்பநாயக்கவில் இரத்தினபுரி பஸ் ஏறினால் அடுத்து வரும் பெரிய டவுன் பெல்மடுல்ல. கண்டியில் நடந்தாலும் எங்களுக்கு அது பக்கத்து ஊர்ச் செய்தி.

அதே ஆண்டு ஆகஸ்ட் 5ஆம் திகதி, லண்டனில் பத்திரிகையாளர் முன்னால் ஒரு பர்கர் பொரிக்கப்பட்டது. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் போஸ்ட், மாட்டுத் தசையிலிருந்து எடுத்த கலங்களை ஆய்வுகூடத்தில் பெருக்கி அந்த இறைச்சியைச் செய்திருந்தார். செலவு இரண்டரை இலட்சம் யூரோ. பணம் போட்டவர் கூகுளைத் தொடங்கிய இருவரில் ஒருவரான செர்ஜி பிரின்.

தேரர் சட்டத்தைக் கொண்டு கத்தியை நிறுத்தச் சொன்னார். பேராசிரியர் கத்திக்கே வேலை இல்லாமல் செய்யப் பார்த்தார். இந்த இரண்டாவது வழியைப் பற்றி எழுத எனக்கு ஒரு சின்ன உரிமை இருப்பதாக நினைக்கிறேன். மாடுகளுக்குச் சினை ஊசி போடுவது என் தொழில். ஓப்பநாயக்கவைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் கிராமங்களிலும், மாடு சூட்டுக்கு வந்திருக்கிறது என்று அழைப்பு வந்தால், நைட்ரஜன் குடுவையை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு போகிற ஆள். குண்டசாலையிலுள்ள மத்திய நிலையத்தில் எடுத்த காளை விந்து, மறை 196 பாகைக் குளிரில் என்னோடு மேடு பள்ளமெல்லாம் ஏறி இறங்குகிறது. ஊசி போட்டுப் பிறந்த கன்று ஒழுங்கான கன்றா, அதன் பாலைச் சாமிக்கு ஊற்றலாமா என்று ஒரு காலத்தில் கேட்டார்கள். இன்றைக்கு யாரும் கேட்பதில்லை. ஆய்வுகூடத்துச் சரக்கு ஒன்று தோட்டத் தொழிலாளரின் லயத்துக்குள் வந்து சாதாரண விஷயமாகிப் போவதைக் கண்ணால் பார்த்தவன் நான்.

எப்படிச் செய்கிறார்கள்?

உயிரோடு நிற்கும் மாட்டுக்கு மரக்க மருந்து கொடுத்து, தசையில் ஒரு துளித் துண்டு எடுக்கிறார்கள். காயம்பட்ட தசையைத் திருத்துவதற்கென்றே உடம்பு சில கலங்களைச் சும்மா வைத்திருக்கிறது. அவற்றைப் பிரித்தெடுத்து, மாட்டின் உடல் சூட்டுக்குக் கிட்டத்தட்டச் சமமான சூட்டில், தாங்கியிலுள்ள சத்து நீரில் விடுகிறார்கள். அந்த நீரில் சர்க்கரை, புரதத்தின் கூறான அமினோ அமிலங்கள், உப்புகள், விற்றமின்கள், 'பெருகு' என்று கலத்துக்குச் சொல்லும் வளர்ச்சிக் காரணிகள் எல்லாம் இருக்கும். கலம் ஒன்று இரண்டாகும், இரண்டு நாலாகும். தாங்கியைக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும், ஒட்சிசன் கொடுக்க வேண்டும். ஒரு பக்டீரியா உள்ளே போனாலும் மொத்தமும் கெட்டுப்போகும். கலத்தைவிட பக்டீரியா வேகமாகப் பெருகும்.

போதுமான அளவு பெருகியதும் சத்து நீரின் கலவையை மாற்றுகிறார்கள். அப்போது கலங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து நாராகின்றன. மார்க் போஸ்டின் பர்கரில் அப்படிப்பட்ட நார்கள் ஏறக்குறைய 20,000 இருந்தன. அதில் கொழுப்பு இல்லை. நிறமும் வெளிறிக் கிடந்ததால் பீட்ரூட் சாறும் குங்குமப்பூவும் சேர்த்தார்கள். சாப்பிட்டுப் பார்த்தவர்கள், மென்றால் இறைச்சிதான், சாறுதான் குறைவு என்றார்கள். கொத்திறைச்சி செய்வது இப்படிச் சுலபம். எலும்போடு ஒட்டிய தொடைக்கறி மாதிரி ஒன்று வேண்டுமென்றால், கலங்கள் பற்றி வளர ஒரு சாரம் கட்டிக் கொடுக்க வேண்டும். உள்ளே இருக்கும் கலத்துக்கும் ஒட்சிசன் போய்ச் சேர வேண்டும். அங்கேதான் தொழில்நுட்பம் இன்னும் மூச்சு வாங்குகிறது.

இந்த இறைச்சியின் விற்பனைக்கு முதலில் அனுமதி தந்த நாடு சிங்கப்பூர், 2020 டிசம்பரில், கோழி இறைச்சிக்கு. ஐக்கிய அமெரிக்கா 2023 ஜூனில் இரண்டு நிறுவனங்களுக்கு அனுமதி கொடுத்தது. இஸ்ரேல் 2024 ஜனவரியில் மாட்டிறைச்சிக்குத் தலையசைத்தது. எதிர்த்திசையிலும் நாடுகள் நடக்கின்றன. இத்தாலி 2023 நவம்பரில் இதைத் தடை செய்தது. அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் 2024 மேயில் தடை செய்தது. தங்கள் மாட்டுப் பண்ணையாளரைக் காப்பாற்றவே என்று இரண்டு இடத்திலும் சொன்னார்கள். 2024இல் சிங்கப்பூரில் கடைக்கு வந்த உறைந்த பொதியில் வளர்த்த கோழிக் கலம் 3 வீதம்தான்; பாக்கி பெரும்பாலும் தாவரப் புரதம். இத்தனை ஆரவாரத்துக்குப் பிறகு தட்டில் விழுந்தது அவ்வளவு.

கொலை போனதா?

இந்தத் துறையின் பெரிய பெயர்களில் ஒருவர் உமா வலேட்டி. விஜயவாடாவில் பிறந்து, புதுச்சேரி ஜிப்மரில் மருத்துவம் படித்து, அமெரிக்காவில் இதய மருத்துவரானவர். சிறுவனாக இருந்தபோது ஒரு பிறந்தநாள் விருந்துக்குப் போயிருக்கிறார். வீட்டின் முன்னால் பாட்டும் ஆட்டமும். பின்பக்கம் போனால், அதே விருந்துக்காகக் கோழியையும் ஆட்டையும் வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருபுறம் பிறந்தநாள், மறுபுறம் இறந்தநாள் என்று அந்தக் காட்சி அவர் மனதில் தங்கிவிட்டது. பிற்காலத்தில் இதய நோயாளிகளுக்குக் கலங்களைச் செலுத்தித் தசையைத் திருத்தும் ஆராய்ச்சியில் இருந்தபோது, உடம்புக்குள் வளர்க்கக்கூடிய தசையை வெளியே வளர்த்தால் என்ன என்று யோசித்தார். 2015இல் தொடங்கிய அவருடைய நிறுவனம், 2023இல் அமெரிக்க அனுமதி பெற்ற இரண்டில் ஒன்று.

வாங்குகிறவன் இல்லாவிட்டால் கொல்கிறவனும் இருக்க மாட்டான் என்பது வள்ளுவர் புலால் மறுத்தலில் வைக்கும் வாதம். இங்கே வாங்குகிறவன் அப்படியே இருக்கிறான், கொல்கிறவனைக் காணோம். வள்ளுவரே யோசிக்காத வழி.

ஆனால் கொலை முழுதாகப் போய்விடவில்லை. ஆரம்பத்தில் கலங்களுக்கு ஊட்டிய சத்து நீரில் முக்கியமான பொருள், பிறக்காத கன்றின் இரத்தத்திலிருந்து எடுத்த சீரம். சினை மாட்டை அறுத்து, கருவிலிருக்கும் கன்றின் இரத்தத்தை வடித்து எடுப்பது அது. 2013 பர்கரும் அந்தச் சீரத்தில் வளர்ந்ததே. மாட்டின் வயிற்றுக்குள் கைவிட்டு, சினை பிடித்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறவன் நான். 'பிடிச்சிருச்சு' என்று சொன்னதும் அந்த வீட்டு முகங்கள் மலர்வதைப் பார்த்திருக்கிறேன். கொல்லாத கறிக்காக அந்தக் கன்றைக் கொல்வது என்றால் எனக்கு எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. நல்ல வேளையாக, சீரம் இல்லாமல் வளர்க்கும் முறைகள் வந்துவிட்டன. 2023இல் சிங்கப்பூர் அப்படிச் சீரமில்லாமல் வளர்த்த கோழிக்கு அனுமதி கொடுத்தது. ஆகவே யாராவது 'உயிர்க்கொலை இல்லாத இறைச்சி' என்று விற்றால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி: சீரம் உண்டா, இல்லையா?

மதப் பெரியவர்களும் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். 2024 பெப்ரவரியில் சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றத்தின் ஃபத்வாக் குழு, உண்ண அனுமதிக்கப்பட்ட பிராணியிலிருந்து கலம் எடுத்து, அசுத்தமான பொருள் சேராமல் வளர்த்தால் உண்ணலாம் என்றது. 2023இல் இஸ்ரேலின் தலைமை ரப்பி ஒருவர், ஒரு நிறுவனத்தின் வளர்த்த மாட்டிறைச்சி யூத உணவு விதிக்கு ஒத்துப்போகும் என்றார். பௌத்த பிக்குவுக்கான பழைய விதி, தனக்காகக் கொல்லப்பட்டதைப் பார்த்ததாகவோ கேட்டதாகவோ சந்தேகப்பட்டதாகவோ இருக்கக் கூடாது என்பது. தாங்கியில் வளர்ந்த இறைச்சி இந்த மூன்றையும் தாண்டிவிடும் என்றே படுகிறது. இந்துக்களான நமக்கோ கேட்டுச் சொல்ல ஒரு மன்றம் கிடையாது; அவரவர் வீட்டு அம்மா என்ன சொல்கிறாளோ அதுதான் தீர்ப்பு.

இலங்கையில் இறைச்சிப் பேச்சு தட்டோடு நிற்பதில்லை, இனத்துக்குத் தாவிவிடும். 2013இல் ஹலால் சின்னத்துக்கு எதிராகக் கிளம்பிய சத்தம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். 2020 செப்டெம்பரில் மாடறுப்புத் தடைக்கு அமைச்சரவை இணங்கியது. 2021இல் அதற்குச் சட்டங்களைத் திருத்தவும் ஒப்புதல் கொடுத்தது. 1893ஆம் ஆண்டின் மாடறுப்புக் கட்டளைச் சட்டமும் அந்தப் பட்டியலில் இருந்தது. அப்போது எங்கள் டவுனில் இறைச்சிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா என்னிடம் சொன்னார்: "தம்பி, மாட்ட வளக்கிறதும் ஒங்க ஆள், விக்கிறதும் ஒங்க ஆள், ஏச்சு மட்டும் எனக்கு." அந்தக் கணக்கில் பிழை இல்லை.

லயத்துச் சமையலறை

நாங்கள் பெரும்பாலும் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை. ஆனால் மாடு வளர்க்கிறோம். பசுவுக்குக் காளைக்கன்று பிறந்தால் என்ன ஆகும்? உழவுக்கு இங்கே வேலை இல்லை. தீனி போட்டுக் கட்டாது. சில மாதத்தில் ஒரு வியாபாரி வருவார், விலை பேசுவார், கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போவார். எங்கே போகிறது என்று யாரும் கேட்க மாட்டார்கள். வீட்டுக்காரர் அன்றைக்கு டவுனுக்குப் போய்விடுவார், பிள்ளைகள் அழும். பால் குடிக்கிற எல்லாருக்கும் இந்தக் கயிற்றில் ஒரு முனை இருக்கிறது. பெண் கன்றே பிறக்கும்படி பிரித்தெடுத்த விந்து இப்போது உண்டு, ஆனால் விலை கூட. தாங்கி இறைச்சி வந்தாலும் பால் மாட்டின் காளைக்கன்று பிரச்சினை அப்படியேதான் இருக்கும்.

தீபாவளிக்குப் பத்துப் பேர் சேர்ந்து ஆடு வாங்கிப் பங்கு போடுவது தோட்டத்து வழக்கம். ஈரல் யாருக்கு, தலை யாருக்கு என்று சண்டை வராத தீபாவளி இல்லை. தொழிற்சாலைச் சக்கரத்துக்குக் காவலான ரோதை முனிக்கும், தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டத் தொடங்கும்போது கவ்வாத்துச் சாமிக்கும் சேவல் அறுக்கிறவர்கள் இருக்கிறார்கள். கிடாய் என்றால் தலையில் தண்ணீர் தெளித்துவிட்டு, அது உடம்பைச் சிலிர்த்து உத்தரவு கொடுக்கும்வரை கையில் கத்தியோடு காத்திருப்பார்கள். 2017இல் யாழ்ப்பாண மேல் நீதிமன்றம் கோயில்களில் பலியிடத் தடை போட்டது. 2018இல் நாடு முழுவதற்கும் தடை கொண்டுவர அமைச்சரவை சம்மதித்தது. தாங்கிக் கோழியைப் படைத்தால் முனி ஏற்றுக்கொள்வாரா என்று ஒரு பூசாரியிடம் கேட்டேன். "உசுரத்தான்யா குடுக்கிறோம், கறிய நாமதானே திங்கிறோம்?" என்றார். உயிரில்லாத கறி அவருக்குப் படையலே கிடையாது. கொலையை மறைக்காமல் முகத்துக்கு நேரே நின்று செய்கிற அந்த ஒழுங்கு, பொலித்தீன் பையில் புரொய்லர் வாங்குகிற எனக்கு இல்லை.

அது போகட்டும், தினசரி கதை வேறு. தோட்டத்தில் நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாய்க்கும் 2024இல் 1,350 ரூபாய்க்கும் வந்து சேர்ந்தது. ஒரு கிலோ கோழி வாங்கினால் ஒரு நாள் சம்பளத்தில் பெரும்பங்கு போய்விடும். அதனால் கறி சாப்பிட ஆசை வந்தால் சோயாமீட் பக்கெட். கோழிச் சுவை, இறால் சுவை என்று எழுதியிருக்கும். கோழியும் இருக்காது, இறாலும் இருக்காது. கொன்று எடுக்காத கறியை மலையகம் தட்டில் போட்டு வெகுகாலமாகிறது. அதை நாங்கள் தர்மத்துக்காக வாங்கவில்லை, விலைக்காக வாங்கினோம். தாங்கி இறைச்சியின் எதிர்காலமும் அந்த இடத்தில்தான் தீர்மானமாகும்.

2016ஆம் ஆண்டுச் சுகாதார ஆய்வின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் 17.3 வீதம், தோட்டத்துறையில் 31.7 வீதம். பணக்கார நாடுகளில் இந்த விவாதம் 'நாம் அதிகமாக இறைச்சி தின்கிறோம்' என்று தொடங்குகிறது. எங்கள் பிள்ளைகளின் தட்டில் முட்டை கூட எண்ணித்தான் விழுகிறது. அதே வாக்கியத்தை இங்கே கொண்டுவந்து எங்களுக்கு உபதேசம் செய்தால் பொருந்தாது.

புல்லும் மின்சாரமும்

சுற்றாடல் வாதத்திலும் இதே கவனம் வேண்டும். உலகில் மனிதச் செயல்களால் வெளியாகும் பசுங்கூட வாயுவில் 14.5 வீதம் கால்நடை வளர்ப்பால் வருகிறது என்று 2013இல் ஐ.நா. உணவு விவசாய அமைப்பு கணக்குச் சொன்னது. காட்டை அழித்துச் சோயா விதைத்து, அந்தச் சோயாவை மாட்டுக்குப் போடுகிற நாடுகளுக்கு இது பெரிய குற்றச்சாட்டு. எங்கள் மாடு தின்பது பாதையோரக் கினிப்புல்லும், கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் உருவாக்கி இங்கே வந்து வேர்விட்ட கோ-3 புல்லும். மனிதன் தின்ன முடியாததைத் தின்று பால் தருகிறது. அதன் சாணம் மிளகுக்கும் மரக்கறிப் பாத்திக்கும் போகிறது.

தாங்கி இறைச்சிக்கு மீதேன் ஏப்பம் இல்லை, ஆனால் மின்சாரம் தின்னும். தூய்மையான மின்சாரத்தில் ஓடினால் மாட்டிறைச்சியைவிடப் பாதிப்பு குறைவு என்கிறது நெதர்லாந்தின் ஓர் ஆய்வு நிறுவனம். மருந்துத் தரத்துக்குச் சுத்திகரித்த சத்து நீரையே பயன்படுத்தினால் மாட்டிறைச்சியைவிட 4 முதல் 25 மடங்கு கூடப் போகலாம் என்றது 2023இல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வு. எந்த மின்சாரம், எந்தச் சத்து நீர் என்பதைச் சொல்லாமல் யாராவது 'பசுமை' என்றால் நம்ப வேண்டாம்.

கலத்துக்குச் சொந்தக்காரர்

இந்தக் கதையையெல்லாம் ஒரு லயத்து வாசலில் உட்கார்ந்து ஓர் அம்மாயிக்குச் சொன்னேன். பிள்ளைகள் கொழும்புக்கு வேலைக்குப் போன பிறகு ஒற்றைப் பசுவை வைத்துப் பிழைக்கிறவர்.

"அப்ப அந்த மாடு உசுரோடதான் இருக்கா தம்பி?"

"இருக்கு அம்மாயி. மரத்துப்போக மருந்து குடுத்து ஒரு துளி சதைதான் எடுப்பாங்க."

"நல்லதுதானே." கொஞ்ச நேரம் வெற்றிலையை மென்றார். "அந்தத் துளி சதைய வச்சு எவ்வளவு கறி செய்வாங்க?"

"நெறைய. டன் கணக்குல செய்யலாம்னு சொல்றாங்க."

"மாட்டுக்காரனுக்கு என்ன குடுப்பாங்க?"

எனக்குப் பதில் இல்லை. படித்தவர்கள் நீதி, மதம், காலநிலை என்று சுற்றி வந்த விவாதத்தை அம்மாயி ஒரே கேள்வியில் அதன் இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்.

என் தொழிலை வைத்தே இதைச் சொல்லலாம். நான் குடுவையில் கொண்டுவரும் விந்தும் ஆய்வுகூடச் சரக்குதான். ஒரே காளை ஆயிரக்கணக்கான கன்றுக்கு அப்பனாகிறது. ஆனால் ஊசி போட்டுவிட்டு நான் போய்விடுகிறேன். பெருகுவது அம்மாயியின் கொட்டிலுக்குள் நடக்கிறது. கன்று அவருடையது, பால் அவருடையது, அவசரத்துக்கு விற்றால் வரும் காசும் அவருடையது. தாங்கி இறைச்சியில் பெருகுவது நிறுவனத்தின் சுவருக்குள் நடக்கிறது. கலத்தை உறைய வைத்துக்கொண்டால் திரும்ப மாட்டிடம் வரவேண்டிய தேவையும் குறையும். கலம், சத்து நீர், தாங்கி எல்லாவற்றுக்கும் காப்புரிமை உண்டு.

வில்லெம் வான் ஈலென் என்ற டச்சுக்காரரின் கதை இதற்கு நல்ல சாட்சி. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் முகாமில் கைதியாகப் பட்டினி கிடந்தவர். அந்தப் பசியும், அங்கே விலங்குகள் பட்ட கொடுமையும் அவர் மனதில் இந்த யோசனையை விதைத்தன. 1990களின் கடைசியில் இதற்குக் காப்புரிமை பெற்றார். பசித்தவனின் தலையில் பிறந்த அந்த உரிமை பின்னால் ஓர் அமெரிக்க நிறுவனத்தின் கைக்குப் போனது.

தோட்டத்துச் சனத்துக்கு இந்தப் பாடத்தை யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டாம். கொழுந்து எங்கள் கையால் வருகிறது. காணி, தொழிற்சாலை, விலை எதுவும் எங்களுடையதில்லை. தோட்டத்தைக் கம்பனி நடத்தியது, 1970களில் அரசாங்கம் எடுத்தது, 1992இல் திரும்பவும் கம்பனிகளிடம் கொடுத்தது. எல்லாக் காலத்திலும் லயத்தில் ஒரு குடும்பம் தன்னுடையது என்று சொல்லக்கூடிய உற்பத்திச் சாதனம் மாடும் ஆடும் கோழியும்தான். தேயிலையைப் போலவே இறைச்சியும் பாலும் தொழிற்சாலைக்குள் போய்விட்டால், அந்தக் கடைசிப் பிடியும் போகும்.

ஆனால் இதற்குத் தடை மருந்தாகாது. இத்தாலி போட்ட தடை எந்தக் கோழியையும் காப்பாற்றவில்லை. வேறு வழிகளை யோசிக்கிறவர்கள் இருக்கிறார்கள். நெதர்லாந்திலேயே, பண்ணைக்குள் சிறிய தாங்கி வைத்து விவசாயியே வளர்க்கும் முயற்சி ஒன்று நடக்கிறது. இந்தியாவில் 2019இல் ஹைதராபாத்தின் இரண்டு அரசு ஆய்வு நிறுவனங்களுக்கு மத்திய அரசு இதற்குப் பணம் ஒதுக்கியது. கொச்சியிலுள்ள கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 2024இல் அறுக்குளா, வவ்வால் போன்ற மீன் இறைச்சியை இப்படி வளர்க்கும் வேலையில் இறங்கியது. பொதுப் பணத்தில் பிறக்கும் அறிவு பொதுவில் இருக்கலாம். குண்டசாலைக் காளையின் விந்து அரசாங்க ஏற்பாட்டில் லயம்வரை வருவதுபோல, நல்ல கலமும் சத்து நீர்க் கலவையும் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் கைக்கு வர முடியாதா? பேராதனையிலும் கன்னொறுவையிலும் படித்தவர்கள் இருக்கிறார்கள். கேட்பவர் இருந்தால் வழி பிறக்கும்.

நான் சாப்பிடுவேனா என்று கேட்டால், சாப்பிடுவேன். என் தட்டில் அது முதலில் தள்ளிவிட வேண்டியது புரொய்லரை. ஆறு வாரத்தில் காலால் நிற்க முடியாத எடைக்கு வளர்த்து வெட்டுகிறோமே, அந்தப் பாவத்தைக் குறைக்க இது நல்ல வழி. அம்மாயியிடம் பசுவை விற்றுவிடச் சொல்ல மாட்டேன். அந்தப் பொதி ஓப்பநாயக்க டவுன் கடைக்கு வரும் நாளில், சீரம் உண்டா, எந்த மின்சாரம், என்ன விலை, கலம் யாருடையது என்று நாலு கேள்வி கேட்டுவிட்டு வாங்குங்கள். முதல் மூன்றுக்கும் விஞ்ஞானிகள் பதில் தேடிக்கொண்டிருக்கிறார்கள். நாலாவதை நாம் கேட்காவிட்டால் நமக்காகக் கேட்க யாரும் வரப்போவதில்லை.